நிறுத்தத் தெரிந்த கருவி: தானியங்கி விளம்பரச் செய்திகளும் பணியோட்ட மென்பொருள் தேர்வும்

1. கேள்வியின் எல்லை

ஒருவரின் செயலையோ ஒரு தேதியையோ காரணமாகக் கொண்டு, அனுப்பும் நேரத்தில் மனிதக் கை படாமல் மென்பொருளே அனுப்பும் வணிகச் செய்தியைத் தானியங்கி விளம்பரச் செய்தி என்கிறோம். இணையக் கடையில் சேலை ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவருக்கு மறுநாள் வரும் நினைவூட்டலும், வாகனக் காப்பீடு முடியும் மாதத்தில் வரும் குறுஞ்செய்தியும், புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் வாரத்தில் அடுத்தடுத்து வரும் மின்னஞ்சல்களும் இதன் பழகிய வடிவங்கள். இவற்றின் பின்னால் ஒரு படிவரிசை இருக்கிறது. ஒரு நிகழ்வு தொடக்கிவைக்கும். நிபந்தனை ஒன்று சரிபார்க்கப்படும். சில மணி நேரமோ சில நாளோ காத்திருப்பு இருக்கும். பிறகு பாதை கிளை பிரிந்து செய்தி புறப்படும். இந்த வரிசையைப் பணியோட்டம் என்றும், அதை வரைந்து இயக்க உதவும் மென்பொருளைப் பணியோட்டக் கருவி என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

கேட்காதவருக்கு மின்வழியில் விளம்பரம் அனுப்பும் வழக்கம் மிகப் பழையது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க் 1978 மே மாதத்தில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் பயனர்களில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெறுநரின் நடத்தையைப் பொறுத்துச் செய்தியை மாற்றும் மென்பொருள் வர மேலும் 20 ஆண்டு ஆயிற்று. எலோக்வா 1999இலும், மெயில்சிம்ப் 2001இலும், ஹப்ஸ்பாட், மார்க்கெட்டோ இரண்டும் 2006இலும் தொடங்கின. இன்று தேர்வுக்கு முன்னிற்பவை மிகப் பல. சந்தைப்படுத்தல் மென்பொருள்களை ஆண்டுதோறும் பட்டியலிடும் ஸ்காட் பிரிங்கரின் கணக்கில் 2011இல் சுமார் 150 இருந்தன. 2024இல் அது 14,106 ஆனது.

இக்கட்டுரை ஆராயும் கேள்வி ஒன்றே: இத்தனை கருவிகளுக்கிடையே எந்த அளவுகோலால் தேர்வது? இந்தியாவில் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்ஆப் ஆகிய மூன்று வழிகளில் நுகர்வோருக்குச் செய்தி அனுப்பும் நடுத்தர நிறுவனமே இங்கு எடுத்துக்கொண்ட களம்.

2. வழக்கத்தில் உள்ள பார்வைகள்

தேர்வு குறித்து மூன்று பார்வைகள் பரவலாக உள்ளன. முதலாவது, வசதிப் பட்டியல். எத்தனை வழிகளில் அனுப்பலாம், எத்தனை ஆயத்த வடிவங்கள் உள்ளன, செயற்கை நுண்ணறிவு தலைப்பு எழுதித் தருமா என்று கட்டம் போட்டு ஒப்பிடுவது. கருவி விற்பவர்கள் தயாரித்துத் தரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் இவ்வகை. போட்டியாளரிடம் இருக்கும் வசதியை ஒவ்வொரு நிறுவனமும் அடுத்த ஆண்டே சேர்த்துவிடுவதால், இந்தக் கட்டங்கள் வேறுபாட்டைக் காட்டும் ஆற்றலை விரைவில் இழக்கின்றன.

இரண்டாவது, ஒருங்கிணைந்த மேடையா அல்லது தனித்தனிக் கருவிகளின் சேர்க்கையா என்ற விவாதம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ, வாடிக்கையாளர் பதிவேடு முதல் பிரச்சார மின்னஞ்சல் வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்த் தருகிறது. மோஎங்கேஜ், கிளெவர்டாப், வெப்எங்கேஜ் போன்ற இந்திய நிறுவனங்கள் செயலியிலும் தளத்திலும் வாடிக்கையாளர் செய்வதைத் தொடர்ந்து கவனித்துப் பல வழிகளில் செய்தி அனுப்பும் மேடைகளை வளர்த்துள்ளன. மறுபுறம் ஜேப்பியர், மேக், என்8என் ஆகியவை இணைப்புக் கருவிகள். இரு மென்பொருள்களுக்கு நடுவே நின்று ஒன்றின் நிகழ்வை மற்றொன்றின் செயலாக மாற்றுபவை. எந்தப் பக்கம் சிறந்தது என்ற கேள்விக்குப் பொது விடை கிடையாது. ஆனால் இரு பக்கத்துக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. அது அடுத்த பகுதியில் வருகிறது.

மூன்றாவது பார்வை விலையை மட்டும் நோக்குவது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்வதே முறை. தவறாக அனுப்பும் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதன் மலிவு கணக்கில் நிற்காது.

மூன்று பார்வைகளும் ஒரே இடத்தில் குறைபடுகின்றன: கருவி என்னென்ன அனுப்பும் என்பதையே அவை கேட்கின்றன. அனுப்புவது இன்று எந்தக் கருவிக்கும் கடினமான வேலை அல்ல. வாங்கிவிட்டவருக்கும் வேண்டாம் என்றவருக்கும் ஏற்கெனவே பெற்றவருக்கும் அனுப்பாமல் நிற்க முடிகிறதா என்பதில்தான் கருவிகளுக்கிடையே உண்மையான தர வேறுபாடு தெரிகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் இதுவே.

3. நுழைவும் வெளியேற்றமும்

பணியோட்டத்தை வரைபவர்களின் கவனம் பெரும்பாலும் நுழைவிலேயே நிற்கிறது: யார், எப்போது உள்ளே வருகிறார்? எப்போது வெளியேற வேண்டும் என்பது பலவேளை வரையப்படுவதே இல்லை. கூடை நினைவூட்டலையே எடுத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு ஒருவர் கூடையில் சேலையைப் போடுகிறார். பணியோட்டம் 24 மணி நேரம் காத்திருக்கிறது. அன்றிரவு 9 மணிக்கு அவர் திரும்பி வந்து, இம்முறை கைப்பேசியிலிருந்து, வாங்கிவிடுகிறார். மறுநாள் மாலை 4 மணிக்கு, ‘உங்கள் சேலை காத்திருக்கிறது, 10 சதவீதத் தள்ளுபடி’ என்று செய்தி போகிறது. முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு. கடைக்கு ஒரு புகார் அழைப்பு.

இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்பதில்தான் இரு வகைக் கருவிகளின் வேறுபாடு வெளிப்படுகிறது. இணைப்புக் கருவி ஒவ்வொரு நிகழ்வையும் தனி ஓட்டமாக நடத்துகிறது. தொடங்கிய நேரத்தில் கிடைத்த தரவையே கடைசிவரை சுமந்து செல்கிறது. காத்திருப்பு முடிந்து விழிக்கும்போது அதன் கையில் இருப்பது நேற்றைய நிலவரம். காத்திருப்புக்கும் அனுப்புதலுக்கும் நடுவே, ‘இவர் இதற்குள் வாங்கிவிட்டாரா’ என்று கடையின் பதிவேட்டைத் திரும்பப் பார்க்கும் ஒரு படியை வரைபவரே சேர்த்தாக வேண்டும். மோஎங்கேஜ் போன்ற ஈடுபாட்டு மேடைகளோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பதிவை வைத்து, அதில் சேரும் நிகழ்வுகளைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. ‘வாங்கினார்’ என்ற நிகழ்வை வெளியேறும் நிபந்தனையாக ஒருமுறை குறித்துவிட்டால், எந்தப் படியில் நின்றாலும் அவரை வெளியே எடுத்துவிடும்.

அதற்காக இணைப்புக் கருவிகளை ஒதுக்க வேண்டியதில்லை. காத்திருப்பே இல்லாத பணியோட்டங்களுக்கு, எடுத்துக்காட்டாகப் படிவம் நிரப்பியவுடன் நன்றி மின்னஞ்சல் அனுப்பி விற்பனையாளருக்குத் தகவல் சொல்வதற்கு, அவை மிகப் பொருத்தமானவை. காத்திருப்பு நீள நீள, கிளைகள் பெருகப் பெருக, ஆளை நினைவில் வைக்கும் கருவியின் தேவை கூடுகிறது.

வெளியேற்றத்தோடு சேர்ந்தது மொத்த வரம்பு. ஒரே ஆள் வரவேற்பு வரிசையிலும் பண்டிகைத் தள்ளுபடியிலும் கூடை நினைவூட்டலிலும் ஒரே நாளில் சிக்கலாம். மூன்று பணியோட்டங்களும் தனித்தனியே சரியாக இருக்கும். பெறுபவருக்கு மட்டும் ஒரே நாளில் ஆறு செய்திகள் வந்திருக்கும். ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பை எல்லாப் பணியோட்டங்களுக்கும் பொதுவாகப் போட முடிகிறதா, ரசீதும் ஓடிபியும் அந்த வரம்புக்குள் அகப்படாமல் விலக்கு பெறுகின்றனவா என்று பார்ப்பது அவசியம். இரவு நேரமும் அப்படித்தான். இரவு 11 மணிக்குக் கூடையை விட்டவருக்கு ‘24 மணி நேரம் கழித்து’ என்றால் மறுநாள் இரவு 11 மணிக்கே செய்தி போகும். காலைவரை தள்ளிவைக்கத் தெரிந்த கருவியும் தெரியாத கருவியும் வசதிப் பட்டியலில் ‘காத்திருப்பு: உண்டு’ என்ற ஒரே குறியைத்தான் பெற்றிருக்கும்.

4. பழுதாகும்போது நடப்பவை

மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும்போது செய்தி தொலைவதைத் தவிர்க்க, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது பொது வழக்கம். இணையக் கடை மென்பொருள் ‘ஆர்டர் வந்தது’ என்ற நிகழ்வை வெப்ஹூக் என்னும் தானியங்கி அழைப்பு வழியாகத் தள்ளுகிறது. சில நொடிக்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரவில்லையென்றால் அதே நிகழ்வை மறுபடி தள்ளுகிறது. ஷாப்பிஃபை, ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்கள் ஒரே நிகழ்வு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரக்கூடும் என்று தங்கள் கையேடுகளிலேயே சொல்கின்றன. அதைத் தாங்கும் பொறுப்பு பெறும் கருவியுடையது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய அடையாள எண்ணைக் குறித்துவைத்து, அதே எண் திரும்ப வந்தால் பேசாமல் ஒதுக்கிவிட வேண்டும். இது இல்லாத கருவியில் ஒரே ரசீது இருமுறை போகும். குறுஞ்செய்தியானால் இருமுறை காசும் போகும்.

இதே சிக்கல் வெளியே போகும் பக்கத்திலும் உண்டு. குறுஞ்செய்தி நுழைவாயில் செய்தியை ஏற்று அனுப்பிவிடுகிறது. ஆனால் ‘அனுப்பினேன்’ என்ற பதில் வழியில் அறுந்துபோகிறது. கருவி தோல்வி என்று எண்ணித் திரும்ப முயல்கிறது. தோல்வியுற்றதை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் திரும்ப முயலும், முடியாமல் போனவற்றைத் தனி வரிசையில் ஒதுக்கி மனிதருக்குக் காட்டுமா என்ற விவரங்கள் விளம்பரப் பக்கத்தில் இருக்காது. தொழில்நுட்பக் கையேட்டில் இருக்கும், அல்லது ஆதரவுக் குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

இன்னும் கவனிக்கப்படாத ஒன்று, தேக்கம். ஏதோ காரணத்தால் கருவி ஆறு மணி நேரம் நின்றுபோய்ப் பிறகு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் தேங்கியவை எல்லாம் ஒரே மூச்சில் வெளியேறும். ‘இன்று மாலை 6 மணி வரை மட்டும்’ என்ற தள்ளுபடிச் செய்தி இரவு 10 மணிக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் குறித்து, அது தாண்டினால் அனுப்பாமல் விட்டுவிடும் வசதி கருவியில் இருக்க வேண்டும். இதைச் சோதிப்பது கடினமல்ல. சோதனைக் கணக்கில் பணியோட்டத்தை நிறுத்தி வைத்து, பத்து நிகழ்வுகளை உள்ளே தள்ளி, சில மணி நேரம் கழித்து மீண்டும் இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே நிகழ்வைக் கையால் இருமுறை தள்ளி எத்தனை செய்தி வருகிறது என்று எண்ணுவது இன்னும் எளிது. விற்பனையாளரின் செயல்விளக்கக் கூட்டத்தில் இந்த இரண்டாவது சோதனையை நேரிலேயே செய்துகாட்டக் கேட்கலாம்.

5. ஒப்புதல் எங்கே பதிவாகிறது

நிறுத்தும் திறனின் மையம் ஒப்புதல் பதிவு. இந்தியாவில் இது மூன்று வழிகளிலும் மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருப்பதால் கருவித் தேர்வு சிக்கலாகிறது.

குறுஞ்செய்தியை ஆள்வது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் வெளியிட்ட வணிகத் தகவல்தொடர்பு விருப்ப ஒழுங்குவிதிகள். இவற்றின்படி, அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. எனும் பகிர்பேரேட்டுத் தளத்தில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெடரையும், ஒவ்வொரு செய்தியின் வார்ப்புருவையும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று வைக்க வேண்டும். செய்தி புறப்படும்போது வார்ப்புருவோடு ஒத்துப் பார்க்கப்படும். பொருந்தாதது வழியிலேயே தடுக்கப்படும். இந்தச் சோதனை 2021 மார்ச் 8 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, வார்ப்புருக்களைச் சரிவரப் பதியாத நிறுவனங்களின் ஓடிபிகளே சென்று சேராமல் வங்கிப் பரிமாற்றங்கள் தடைப்பட்டன. டிராய் ஒரு வாரத்துக்குச் சோதனையை நிறுத்திவைக்க நேர்ந்தது. பணியோட்டக் கருவியில் ஒருவர் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் டி.எல்.டி. வார்ப்புருவோடு பொருத்தம் குலையக்கூடும் என்பதே இதன் நடைமுறைப் பாடம். ஒப்புதல் பெற்ற வார்ப்புருவின் எண்ணைக் கேட்டு வாங்கி, மாறக்கூடிய இடங்களைத் தவிர மற்ற இடங்களைத் திருத்தவிடாமல் பூட்டும் கருவியே இந்தியச் சூழலுக்கு ஏற்றது. வெளிநாட்டில் உருவாகி, குறுஞ்செய்தியைக் கூடுதல் வசதியாகச் சேர்த்த சில கருவிகளில் இதற்கான இடமே இருப்பதில்லை. 2024 அக்டோபர் முதல், முன்கூட்டிப் பதியாத இணைப்புகள் கொண்ட செய்திகளும் தடுக்கப்படுகின்றன. ஆளுக்கு ஆள் புதிய சுருக்க இணைப்பை உருவாக்கும் கருவிகள் இதோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

2025 பிப்ரவரியில் டிராய் செய்த திருத்தங்கள் பணியோட்ட வரைவையே நேரடியாகத் தொடுகின்றன. விளம்பரம், சேவை, பரிமாற்றம், அரசு என்ற வகையைக் காட்டும் எழுத்து ஹெடரின் பின்னொட்டாக வருகிறது. நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிமாற்றத்துக்காகப் பெற்ற ஒப்புதல் ஏழு நாளுக்கே செல்லும். ஒப்புதலைத் திரும்பப் பெற்றவரிடம் 90 நாளுக்குள் மீண்டும் ஒப்புதல் கேட்கக் கூடாது. புகார் தரும் காலம் மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக நீட்டப்பட்டது. முன்பு ஏழு நாளில் 10 புகார் வந்தால் நடவடிக்கை என்றிருந்தது, இப்போது 10 நாளில் ஐந்து புகார் போதும். ஆகவே கருவி, ‘ஒப்புதல் உண்டு அல்லது இல்லை’ என்ற ஒற்றைக் குறியை மட்டும் வைத்திருந்தால் போதாது. எப்போது, எந்த வழியில், எந்த நோக்கத்துக்கு, எந்தச் சொற்களைக் காட்டிப் பெறப்பட்டது, எந்த நாளில் காலாவதியாகிறது என்ற ஐந்தும் பதிவாக வேண்டும்.

வாட்ஸ்ஆப் டிராயின் இந்த ஒழுங்குவிதிகளுக்குள் வருவதில்லை; அதை நடத்தும் மெட்டாவின் கொள்கையே அங்குச் சட்டம். நிறுவனம் முதலில் பேச்சைத் தொடங்க வேண்டுமானால், ஒப்புதல் பெற்ற வார்ப்புரு தேவை. அது விளம்பரம், பயன்பாடு, அடையாளச் சரிபார்ப்பு என்ற வகைகளில் ஒன்றில் சேரும். வாடிக்கையாளர் எழுதிய பிறகு 24 மணி நேரத்துக்கு வார்ப்புரு இன்றிப் பதில் சொல்லலாம். பயன்பாட்டுச் செய்தி என்று பதிந்ததில் தள்ளுபடி வரி ஒன்றைச் சேர்த்தால் மெட்டா அதை விளம்பர வகைக்கு மாற்றிவிடும், கட்டணமும் மாறும். 2025 ஜூலை முதல் உரையாடலுக்கு என்றிருந்த கட்டணம் செய்திக்கு என மாறிவிட்டதால், பணியோட்டத்தில் தேவையற்ற ஒரு படி இருந்தாலும் அது நேரடிச் செலவு. பயனர் ஒரு நிறுவனத்தின் எண்ணைத் தடுக்கும்போதோ புகார் செய்யும்போதோ எண்ணின் தர மதிப்பு இறங்குகிறது. கருவி அந்த மதிப்பைத் திரையில் காட்டுகிறதா, இறங்கினால் விளம்பரப் பணியோட்டத்தைத் தானே நிறுத்திவைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்னஞ்சலில் நடைமுறை ஆட்சி கூகுள், யாஹூ போன்ற அஞ்சல்பெட்டி நிறுவனங்களுடையது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். விலகல் இரண்டு நாளுக்குள் நிறைவேற வேண்டும். குப்பை அஞ்சல் எனப் புகார் செய்பவர் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. விளம்பர மின்னஞ்சல் பற்றிய அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலகலை நிறைவேற்ற 10 வேலை நாள் தருகிறது. அஞ்சல்பெட்டி நிறுவனங்கள் அரசை விடக் கடுமையாக இருப்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்று ஆட்சிகளுக்கும் மேலே, 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதற்கு ஒப்பான எளிமையோடு அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்பது சட்டத்தின் கூறு. ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ‘வேண்டாம்’ என்று எழுதினால், அது குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு நிறுவனம்தான் விடை தீர்மானிக்க வேண்டும். ஆனால் தீர்மானித்ததை மூன்று வழியிலும் உடனே செயல்படுத்தக் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று கருவிகளில் மூன்று விலகல் பட்டியல்கள் இருக்கும் நிறுவனத்தில் இது நடக்காது. எனவே எத்தனை கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினாலும், ஒப்புதல் பதிவு ஒரே இடத்தில், கூடுமானவரை நிறுவனத்தின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்து, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் முன் அது கேட்கப்பட வேண்டும்.

6. ‘திறந்தார்’ என்ற சான்றின் நம்பகம்

கிளை பிரிக்கும் நிபந்தனைகளில் மிகுதியாகப் பயன்படுவது ‘மின்னஞ்சலைத் திறந்தால் இப்படி, திறக்காவிட்டால் அப்படி’ என்பது. அஞ்சலில் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய படம் தரவிறங்கியதா என்பதே இதற்கான சான்று. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் அஞ்சலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தன் வழங்கிகள் வழியாகத் தரவிறக்கிவிடுகிறது. அதைப் பயன்படுத்துபவர் அனைவரும் ‘திறந்தவர்’ ஆகிவிடுகிறார்கள். சொடுக்கும் முழு நம்பகமானதல்ல. பல நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் அஞ்சலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தாமே திறந்து சோதிக்கின்றன. ஒரே சொடுக்கில் விலகுவதற்கான 2017ஆம் ஆண்டின் இணையத் தரநிலை, வெறும் இணைப்புத் திறப்பை விலகலாகக் கொள்ளாமல் வேறு வகைக் கோரிக்கையை வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். இல்லையெனில் சோதனை மென்பொருளே ஆட்களை விலக்கிவிடும்.

ஆகவே வாங்குதல், பதிவு செய்தல், பதில் எழுதுதல் போன்ற உண்மையான செயல்களை நிபந்தனையாக ஏற்கும் கருவியே மேல். ஒரு சிறு பகுதியினருக்கு வேண்டுமென்றே செய்தி அனுப்பாமல் விட்டு, அவர்களும் பெற்றவர்களும் வாங்கிய அளவை ஒப்பிடும் வசதி இன்னும் முக்கியமானது. செய்தி பெற்றபின் வாங்கியவர் எல்லாரும் செய்தியால் வாங்கியவர்கள் அல்லர். இந்த வசதி இல்லாத கருவி தன் பயனைத் தானே மிகைப்படுத்திச் சொல்லிக்கொண்டிருக்கும்.

7. தமிழில் அனுப்பும்போது

குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் ஆங்கிலம் ஒரு செய்திக்கு 160 எழுத்து வரை போகும். தமிழ் அதில் இல்லை; அது போக வேண்டிய யூனிகோட் முறையில் ஒரு செய்திக்கு 70 இடமே உண்டு. அதைத் தாண்டிப் பல துண்டாக உடைந்தால் துண்டுக்கு 67 இடம். மேலும், இங்கு எண்ணப்படுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. ‘வணக்கம்’ என்பதில் நாம் காண்பது ஐந்து எழுத்து. புள்ளிகள் தனியே எண்ணப்படுவதால் ஏழு இடம் பிடிக்கும். ‘வணக்கம். உங்கள் ஆர்டர் இன்று அனுப்பப்பட்டது. நன்றி.’ என்ற செய்தியில் 28 எழுத்துகளே உள்ளன. முற்றுப்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து அது 51 இடம் கொள்கிறது. கடையின் பெயரும் ஆர்டர் எண்ணும் சேர்ந்தால் 70ஐத் தாண்டும்; கட்டணம் இரு செய்திக்கு.

தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதுவதைக் கைவிட இது காரணமாகக் கூடாது. எழுதும் திரையிலேயே யூனிகோட் இடக்கணக்கையும் துண்டு எண்ணிக்கையையும் சரியாகக் காட்டும் கருவியைத் தேர்வதற்கே இது காரணம். மின்னஞ்சலிலும் வாட்ஸ்ஆப்பிலும் இந்தத் தடை கிடையாது. எனவே நீண்ட தமிழ்ச் செய்தி அவ்வழிகளிலும், சுருக்கமான அறிவிப்பு குறுஞ்செய்தியிலும் போகும்படி பணியோட்டத்தை அமைப்பது சிக்கனம். வாடிக்கையாளரின் மொழி விருப்பத்தைப் பதிவில் வைத்து, ஒரே பணியோட்டத்துக்குள் மொழிக்கேற்ற வார்ப்புருவை எடுக்க முடிகிறதா என்பதும் சோதிக்க வேண்டியது. முடியாவிட்டால் மொழிக்கொரு பணியோட்டம் வரைய நேரும். ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபடும்.

8. விலையும் உடைமையும்

கட்டணம் எதை எண்ணுகிறது என்பதில் கருவிகள் பெரிதும் வேறுபடுகின்றன. மெயில்சிம்ப் தொடர்புகளின் எண்ணிக்கைக்கு வாங்குகிறது. காப்பகத்துக்கு மாற்றாவிட்டால் விலகியவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். ஜேப்பியர் நிறைவேறிய ஒவ்வொரு செயலையும் எண்ணுகிறது. என்8என் தன் மேகச் சேவையில் முழு ஓட்டத்தை ஒன்றாக எண்ணுகிறது. ஐந்து செயல்கள் கொண்ட பணியோட்டம் 10,000 முறை ஓடினால் ஜேப்பியர் கணக்கில் அது 50,000, என்8என் கணக்கில் 10,000. விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நிறுவனம் தன் பணியோட்டத்தைத் தாளில் வரைந்து இந்தப் பெருக்கலைச் செய்துகொள்ள வேண்டும்.

சொந்த வழங்கியில் நிறுவும் திறந்தமூலக் கருவிகளும் கருதத்தக்கவை. மாட்டிக் என்பது கிளை பிரியும் பணியோட்டங்களை வரைய உதவும் முழு மேடை. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கிய லிஸ்ட்மாங்க், ஒரே கோப்பாக நிறுவக்கூடிய, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இயங்கும் அஞ்சல் பட்டியல் மென்பொருள். பெருந்தொகை அஞ்சலைக் குறைந்த செலவில் அனுப்பும், ஆனால் கிளை பிரியும் வரிசைகளை நடத்தும் கருவியாக வடிவமைக்கப்படவில்லை. உரிமக் கட்டணம் இல்லாததால் செலவே இல்லை என்று கருதுவது தவறு. வழங்கியைப் பராமரிக்கவும், திரும்பி வரும் அஞ்சல்களைக் கவனிக்கவும், பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவவும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் நிறுவனத்துக்கு ஒப்புதல் பதிவு தன் கையிலேயே இருப்பது பெரும் ஆதாயம். இல்லாத நிறுவனத்துக்குக் கவனிப்பாரற்ற வழங்கி வாடகை மேடையை விட ஆபத்தானது.

9. மாற்றும் முறை

எந்தக் கருவியும் நிரந்தரமல்ல. விலை ஏறலாம், நிறுவனம் கைமாறலாம். எலோக்வாவை 2012இல் ஆரக்கிளும், மார்க்கெட்டோவை 2018இல் அடோபியும், மெயில்சிம்ப்பை 2021இல் இன்ட்யூட்டும் வாங்கின. ஆகவே நுழையும்போதே வெளியேறும் வழியைக் கேட்டுக்கொள்வது தேர்வின் பகுதி. தொடர்புகளை மட்டும் கோப்பாகத் தருவது போதாது. விலகியவர்கள், புகார் செய்தவர்கள், திரும்பி வந்த முகவரிகள், ஒப்புதலின் தேதியும் மூலமும் ஆகிய எல்லாம் வெளியே எடுக்க முடிய வேண்டும். பணியோட்டத்தின் வரைபடம் பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. அதை மறுபடி வரையத்தான் வேண்டும்.

மாற்றத்தில் வரிசை முக்கியம். புதிய கருவிக்குள் முதலில் போக வேண்டியது விலகியவர் பட்டியல். அதன் பிறகே மற்றத் தொடர்புகள். தொடர்புகள் முதலில் ஏறி, அன்று மாலையே யாரோ ஒருவர் சோதனைப் பிரச்சாரம் ஒன்றை இயக்கிவிட்டால், பல ஆண்டுகளாக ‘வேண்டாம்’ என்றவர்கள் அனைவருக்கும் செய்தி போய்விடும். அடுத்து, பழைய கருவியில் நுழைவை மட்டும் மூடி, உள்ளே இருப்பவர்கள் தத்தம் வரிசையை முடிக்க விட வேண்டும். புதியவர்கள் புதிய கருவியில் நுழைவார்கள். இந்த இடைக்காலத்தில் பழைய கருவியில் வரும் விலகல்கள் நாள்தோறும் புதியதற்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும். மின்னஞ்சலின் அளவைச் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான், புதிய அனுப்பு முகவரியை அஞ்சல்பெட்டி நிறுவனங்கள் நம்பத் தொடங்கும். பழைய அஞ்சல்களின் அடியில் உள்ள விலகல் இணைப்புகள் பழைய கருவியையே சுட்டுவதால், கடைசிச் செய்தி போன பிறகும் அக்கணக்கைச் சில மாதம் திறந்தே வைத்திருக்க வேண்டியிருக்கும். அஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 30 நாள் விலகும் வழி வேலை செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். பழைய கணக்கின் சந்தாவையும் மாற்றச் செலவில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.